ஓரம் விட்டு எழுதிய மனு

1

முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கத்துக்கு எழுதினேன். குறிப்புகள், அறிக்கைகள், நினைவூட்டுகள், நினைவூட்டுகளுக்கு நினைவூட்டுகள். அவற்றில் ஒரு வரிகூட அலுவலக பீரோவைத் தாண்டிப் போனதில்லை. அமெரிக்கா வந்து ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு மனு எழுதினேன். அது சாயங்காலம் ஆறு மணிச் செய்தியில் வந்துவிட்டது.

ஏற்காட்டில் என்னை நினைவு வைத்திருப்பவர்கள் சிலர் இருக்கலாம். வாக்காளர் பட்டியல் வேலையாக ஜீப்பிலும் நடந்தும் மலை முழுக்கச் சுற்றியவன்; மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவன்; எதைக் கேட்டாலும் விதி எண்ணோடு பதில் சொல்கிறவன். விதி எண்ணை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் என்னை அன்போடு நினைக்க வாய்ப்பில்லை. ஓய்வு பெற்ற மறு வருஷம் மகன் பிரபாகர் எங்கள் இருவரையும் இங்கே வரவழைத்தான். என் மனைவி இரண்டு குளிர்காலம் பார்த்தாள். மூன்றாவதைப் பார்க்க அவளுக்கு விருப்பமில்லை போலிருக்கிறது. அவள் போய்ச் சேர்ந்த பிறகு நான் மட்டும் இருக்கிறேன்.

எந்த ஊர் என்று எழுத வேண்டாமென்று வக்கீல் சொல்லியிருக்கிறார். எதையுமே எழுத வேண்டாம் என்பதுதான் அவர் சொன்னதன் பொருள். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. சோளம் விளைகிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கெட்டிய வரை தட்டை. ஏறி இறங்க வேண்டுமென்றால் வீட்டு மாடிப்படிதான் உண்டு.

இது தொண்ணூற்றாறு, ஜனாதிபதித் தேர்தல் வருஷம். ஒரு தேர்தல் எப்படி நடக்கிறது என்பதை, சமையற்காரன் அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிடுவது மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரலில் மை கிடையாது. ஓட்டுப் போடும் நாளுக்கு விடுமுறை கிடையாது. செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகிற வழியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். யானை, கழுதை என்று இரண்டு கட்சிகளுக்கும் சின்னம் இருக்கிறது, ஆனால் சீட்டில் அச்சடிப்பதில்லை. எல்லாரும் படித்தவர்கள் என்று எண்ணம். எல்லாவற்றையும்விட, தேர்தல் நடத்துகிற மாவட்ட அதிகாரியே தேர்தலில் நின்று ஜெயித்து வருகிறார். மாப்பிள்ளையே புரோகிதம் பண்ணுவது மாதிரி. இதை முதலில் கேட்டபோது சிரித்தேன். இந்த ஒரு விஷயத்துக்காவது சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

2

எனக்கு இந்த நாட்டுக் குடியுரிமை வேண்டியிருந்தது. பாசத்தால் அல்ல. என் மகள் மல்லிகா ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டையில் இருக்கிறாள். மருமகன் துரைசாமி கொட்டச்சேடு பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். எஸ்டேட்டை விற்கப்போகிறார்கள் என்று மூன்று வருஷமாகப் பேச்சு. வாங்குகிறவர்கள் காப்பிச் செடியைப் பிடுங்கிவிட்டு விடுதி கட்டுவார்களாம். விடுதிக்கு ரைட்டர் எதற்கு? அவர்களுக்கு எட்டு வயதில் ஒரு பெண் இருக்கிறாள்.

அண்ணன் என்ற முறையில் பிரபாகர் மல்லிகாவுக்கு மனுப் போட்டு வைத்திருக்கிறான். அந்த வரிசை பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடும். இந்தத் தேர்தல் சூட்டில், உடன்பிறந்தவர்களை அழைக்கும் வகையையே எடுத்துவிட வேண்டும் என்று வேறு பேசுகிறார்கள். யானைக்காரர்கள் சத்தமாகப் பேசுகிறார்கள், கழுதைக்காரர்கள் வருத்தத்தோடு பேசுகிறார்கள். அதுவே அப்பா அழைத்தால் மூன்று நாலு வருஷம். ஆனால் கல்யாணமான மகளை அழைக்க அப்பா குடிமகனாக இருக்க வேண்டும். விதி அவ்வளவுதான். நான் செய்ய வேண்டியது ஐந்து வருஷம் உயிரோடு இருந்து, நூறு கேள்விகளுக்குப் பதில் படிப்பது.

படித்தேன். பேத்தி நித்யாவுக்குப் பத்து வயது. அவள்தான் கேள்வி கேட்பாள். தமிழில் கேட்டால் பாதி நேரம் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை, எனக்குப் பாடம் எடுக்கும்போது ‘தப்பு தாத்தா’ என்று தமிழில் சொல்லும். குடிமக்களுக்குள்ள உரிமைகளில் மிக முக்கியமானது எது என்று ஒரு கேள்வி. வாக்களிக்கும் உரிமை என்பது பதில். அது ஒன்றை நான் தவறவிட்டதே இல்லை.

3

பிழை நடந்தது போன குளிர்காலத்தில். அடையாள அட்டை வாங்க வாகன லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வண்டி ஓட்டாதவர்களுக்கும் அங்கேதான் அட்டை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் ஆறு கேள்வி கேட்டார். வேகமாகக் கேட்டார். நாலு எனக்குப் புரிந்தது, ஆறுக்கும் ஆமாம் என்றேன். அதிகாரி கேட்டால் ஆமாங்க என்பது மலையில் எல்லாருக்கும் பழக்கம். அதிகாரியாக இருந்தவனுக்கும் ஜன்னலின் இந்தப் பக்கம் வந்ததும் அதே பழக்கம் வந்துவிடுகிறது. பிறகு மூன்று தாள்களை என் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

அந்தப் பென்சில் குறியைப் பார்த்ததும் எனக்கு மனம் இளகிவிட்டது. நான் ஆயிரக்கணக்கில் போட்ட குறி அது. தலைச்சோலையிலும் மஞ்சக்குட்டையிலும் மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்து, படிவத்தில் பென்சிலால் குறி வைப்பேன். வந்தவர்கள் அந்த இடத்தில் கையெழுத்தோ ரேகையோ வைத்துவிட்டுப் போவார்கள். யாரும் வாசித்ததில்லை. வாசிக்கட்டும் என்று நானும் காத்திருந்ததில்லை. வரிசை நகர வேண்டும். இங்கே, ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால், என் தொழிலைச் சேர்ந்த ஒருத்தர் என் குறியைப் போடுகிறார். மூன்று இடத்திலும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாவது தாள், வாக்காளர் பட்டியலில் சேர்க்கும் படிவம். ‘நான் இந்நாட்டுக் குடிமகன்’ என்று அதில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

இரண்டு மாதம் கழித்துத் தபாலில் மஞ்சள் அட்டை வந்தபோதுதான் தெரிந்தது. என் பெயர், பகுதி எண், எதிர்த் தெருத் தொடக்கப் பள்ளியில் ஓட்டுச்சாவடி. இந்த நாட்டில் முதல் தடவையாக என் பெயரைப் பிழையில்லாமல் அச்சடித்திருந்தார்கள். ஒரு நிமிஷம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடிமகன் அல்லாதவன் பட்டியலில் இருக்கக்கூடாது. எந்த நாட்டிலும் அது பாலபாடம். தகுதியில்லாத பெயர் பட்டியலில் இருப்பது தெரிந்தால் என்ன செய்ய வேண்டும்? எழுதித் தெரிவித்து நீக்கச் சொல்ல வேண்டும். அன்று மத்தியானமே உட்கார்ந்து எழுதினேன். தாளின் இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு ஓரம் விட்டு, அலுவலகத்தார் குறிப்பெழுத வசதியாக. மேலே, அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை. கவனக்குறைவால் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டேன், நான் இந்தியக் குடிமகன், என் பெயரை நீக்கி அதன் விவரத்தைத் தெரிவிக்கக் கோருகிறேன். கீழே பணிவுள்ள. பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்தது. கோப்பில் சேர்த்தேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. முடிந்துபோன கோப்பைப் பற்றிப் பேசுவது என் வழக்கமில்லை.

கோடையில் ஐந்து வருஷம் நிறைந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பித்தேன்.

4

அக்டோபரில் ஒரு சாயங்காலம். பிரபாகர் வேலையிலிருந்து வந்து டை கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தான். மருமகள் வசந்தி சமையலறையில். நித்யா தரையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் பள்ளியில் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் தேர்தல் வைத்திருந்தார்கள்.

“யாருக்குப் போட்டாய்?” என்று கேட்டேன்.

“அது ரகசியம் தாத்தா.”

இந்த நாட்டில் அந்த விதியை மதிக்கிற ஒரே ஆளை அன்றைக்குப் பார்த்தேன்.

செய்தியில் எங்கள் மாவட்டத் தேர்தல் அதிகாரி வந்தார். அவரும் இந்தத் தேர்தலில் மறுபடி நிற்கிறார். மாப்பிள்ளை, புரோகிதர் இரண்டும் அவரே. பட்டியலில் வெளிநாட்டுக்காரர்கள் நுழைந்துவிட்டார்கள், நான் விழிப்பாக இருந்து பிடித்துவிட்டேன் என்றார். பிரபாகர் சிரித்தான்.

“ஓட்டுப் போடறதுக்கு இந்த ஊர்க்காரனே வர்றதில்ல. எந்த மடையன் கள்ளத்தனமா வந்து போடப் போறான்?”

“யாராச்சும் மெக்சிகோக்காரங்களா இருக்கும்” என்றாள் வசந்தி, கரண்டியோடு எட்டிப் பார்த்து. எங்களைப் போன்றவர்கள் அல்ல என்பது அதன் பொருள்.

அப்போது அதிகாரி ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். அவர்களே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்கள், பாருங்கள் என்றார். பெயர் இருந்த இடம் கறுப்பாக மறைக்கப்பட்டிருந்தது. சட்டம் அந்த அளவுக்கு மரியாதையானது. ஆனால் தாள் கிட்டத்தில் காட்டப்பட்டது. இடப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு வெள்ளையாக இருந்தது.

நித்யா தலையைத் தூக்கினாள். அவளுக்கு ஓரம் விட்டு எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான். அதற்காக அவள் டீச்சர், தாளை வீணாக்காதே என்று சிவப்பில் எழுதி அனுப்பியிருந்தார்.

“தாத்தா, அது உங்க லெட்டர்” என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

பிரபாகர் இங்கே வந்த பிறகு ‘ங்க’ போட்டுப் பேசுவதை விட்டுவிட்டான். பயம் வந்தால் மட்டும் அது திரும்பி வரும் என்று அன்று கண்டேன்.

“ஏனுங்கப்பா, இது நீங்க எழுதுனதுங்களா?”

கோப்பை எடுத்து வந்து காட்டினேன். மஞ்சள் அட்டை, மனுவின் நகல், ஒப்புகை அட்டை, தேதிவாரியாக. அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“எதுக்குங்கப்பா எழுதுனீங்க? சும்மா இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே.”

“பட்டியல் தப்பாக இருந்தது.”

“பட்டியல் தப்பா இருந்தா உங்களுக்கென்னங்க? நீங்க ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாச்சு.”

வசந்தி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். “மாமா, அந்த அட்டையை எங்கிட்டக் குடுத்திருந்தீங்கன்னா குப்பையில போட்டிருப்பேன். மல்லிகாவும் ஒரு நாள் டிக்கெட் எடுத்திருப்பா.”

அவள் சொன்னது சரி. குற்றம் செய்வதற்கு எனக்குக் கவனக்குறைவு போதுமாக இருந்தது. அதைப் பிசகாமல் நிரூபிப்பதற்குத்தான் முப்பத்திரண்டு வருஷப் பயிற்சி தேவைப்பட்டது.

5

வக்கீல் ஒரு பெண். பொறுமையானவர். நிமிஷத்துக்கு இவ்வளவு என்று பொறுமைக்குக் கணக்கு இருந்தது. வேறு ஏதாவது வருஷமாக இருந்தால் உங்கள் மனுவை ஒரு குமாஸ்தா வாசித்து, பெயரை அடித்துவிட்டு, டீ குடிக்கப் போயிருப்பார் என்றார். தேர்தல் வருஷத்தில் அது தாளல்ல, ஆயுதம். குடிமகன் என்று பொய்யாகச் சொல்கிறவர்களுக்கு இந்த இலையுதிர் காலத்தில்தான் சட்டத்தை இறுக்கியிருக்கிறார்கள். உங்கள் கோப்பு இப்போது குடியேற்ற அலுவலகத்தில் இருக்கிறது.

“விசாரணையில் ஒன்றுதான் கேட்பார்கள்” என்றார். “இது உங்கள் கையெழுத்தா என்று.”

இந்த இடத்தில் நான் சின்னப்பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று வக்கீல் அறையில்தான் அந்தப் பெயர் எனக்குத் தானாக நினைவு வந்தது, இருபது வருஷத்துக்குப் பிறகு. ஊரில் இருந்தவரை, அவர் எதிரில் வந்து நின்றால் ஒழிய வரவில்லை.

சின்னப்பையன் தலைச்சோலைக்காரர். பெயர்தான் அப்படி, அன்றைக்கே நாற்பத்தைந்து வயதிருக்கும். கொஞ்சம் சாமை, ராகி, நாலு ஆரஞ்சு மரம், வீட்டைச் சுற்றிக் காப்பிச் செடி. எழுபதுகளின் நடுவில் வாக்காளர் பட்டியலைத் திருத்தினோம். அவர் வீடு இருந்த சரிவை ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்கு மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு ஒவ்வொருவரும் இரண்டு படிவம் தர வேண்டும். பழைய பகுதியிலிருந்து நீக்க ஒன்று, புதிய பகுதியில் சேர்க்க ஒன்று. நீக்கும் படிவத்தில் காரணம் எழுத வேண்டும். ‘இவ்விடத்திலிருந்து நிரந்தரமாகக் குடிபெயர்ந்துவிட்டேன்’ என்று எல்லாருக்கும் நானே எழுதினேன். நடைமுறை அதுதான். இரண்டிலும் பென்சில் குறி வைத்தேன். சின்னப்பையன் கட்டைவிரலை இரண்டிலும் ஒற்றிவிட்டு, விரலைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டு போனார்.

நீக்கும் படிவங்களின் கட்டை அன்றே மேலே அனுப்பினேன். சேர்க்கும் படிவங்களின் கட்டு என் மேஜையில் இருந்தது. மறுநாள் பிரபாகரின் இன்ஜினியரிங் சீட்டுக்காகக் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. மூன்று நாள் ஆகிவிட்டது. சீட்டுக் கிடைத்தது. திரும்பி வந்தபோது கெடு முடிந்திருந்தது. தலைச்சோலையின் ஒரு சரிவு முழுக்க, ஊரை விட்டே போய்விட்டவர்கள் என்று பதிவாகிவிட்டார்கள்.

வேலைப்பளு, மழை, தகவல் தாமதம் என்று ஒரு குறிப்பு எழுதினேன். நல்ல குறிப்பு. யாரும் கேள்வி கேட்கவில்லை. பெரும்பாலானவர்கள் அதைக் கண்டுகொள்ளவுமில்லை. ஓட்டு இல்லாவிட்டால் அன்றைக்கு ஒரு நாள் கூலி மிச்சம்.

ஆனால் ஓட்டு நாளன்று நான் ஜீப்பில் சாவடி சாவடியாகச் சுற்றி வந்தபோது, தலைச்சோலைச் சாவடியில் வரிசை நகரவில்லை. வாசலில் சின்னப்பையன் நின்றிருந்தார். வெளுத்த வேட்டி, தலையில் புதுத் துண்டு.

“ஏனுங்க சார், எம்பேரு இல்லீன்றாங்க” என்றார்.

“போன கோடையில ரேகை வெச்சீங்கள்ல? அதுல ஊரை விட்டுப் போயிட்டதா இருக்கு.”

“நானெங்கீங்க போனேன்? இங்கதானுங்க நிக்கறேன்.”

வரிசையில் சிரித்தார்கள். “சின்னப்பையா, நீ போனது எங்களுக்கே தெரியாதாட்ட இருக்குது. சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமல்ல?” என்று ஒருவர். “நவுரப்பா, பேய்க்கெல்லாம் ஓட்டில்ல” என்று இன்னொருவர்.

அவர் சிரிக்கவில்லை. மறு வாரம் அலுவலகத்துக்கு நடந்தே வந்தார். படிவத்தை எடுத்துக் காட்டினேன். “இது உங்க ரேகைதானே?”

குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“ரேகை என்னுதுதானுங்க. போனது நானில்லீங்க.”

இரண்டாவது வாக்கியத்தை எழுத அந்தக் கோப்பில் இடமில்லை. ‘ரேகையை மனுதாரர் ஒப்புக்கொண்டார், மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதினேன். பிறகு, வரிசையில் அடுத்த ஆள் நின்றிருந்ததால், அவரை அனுப்புவதற்காக ஒன்று சொன்னேன்.

“அடுத்த தடவை சேத்துருவாங்க. கவலைப்படாதீங்க.”

அதற்குப் பிறகு பதினாலு வருஷம் நான் அதே மலையில் வேலை பார்த்தேன். ஒரு படிவம் போதும். அதை எடுத்துக்கொண்டு தலைச்சோலைக்கு ஒரு தடவை போயிருக்கலாம். எத்தனையோ வேலையாகப் போகவும் செய்தேன். படிவம் எடுத்துப் போகவில்லை. விண்ணப்பதாரர்தான் திருத்தக் காலத்தில் நேரில் வர வேண்டும் என்பது விதி. அவர் வந்தபோதெல்லாம் அது திருத்தக் காலமாக இருக்கவில்லை.

6

தேர்தலுக்கு முந்தின வாரம் விசாரணை. குடியேற்ற அதிகாரி என் பேரன் வயதிருப்பார் என்று எழுத ஆசை. உண்மையில் பிரபாகர் வயது. மேஜையில் இரண்டு தாள் வைத்தார். ஒன்று லைசென்ஸ் அலுவலகப் படிவம். பென்சில் குறி அழிந்து லேசாகத் தெரிந்தது. இன்னொன்று என் மனு. நான் விட்ட ஓரத்தில் யாரோ நிறையக் குறிப்பு எழுதியிருந்தார்கள். எழுதுவதற்கு வசதியாகத்தான் இருந்திருக்கும்.

“இது உங்கள் கையெழுத்தா?”

“கையெழுத்து என்னுடையது” என்றேன். “ஆனால் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை.”

வக்கீல் மேஜைக்கடியில் என் காலை இடித்தார். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே ஒரு வரி எழுதினார். தலைகீழாக வாசிப்பது எங்கள் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது. கையெழுத்தை விண்ணப்பதாரர் ஒப்புக்கொண்டார் என்று இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

அவர் நல்ல மனிதர். போகும்போது வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டார். உங்கள் ஆங்கிலம் அழகாக இருக்கிறது என்றார்.

தேர்தல் முடிந்து, ஜெயித்தவர் மனைவியோடு கையசைத்துக்கொண்டிருந்த அன்று முடிவு தபாலில் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. நீங்கள் இந்நாட்டில் தொடர்ந்து தங்குவது குறித்த மேல்நடவடிக்கை பின்னர் தெரிவிக்கப்படும். ‘பின்னர் தெரிவிக்கப்படும்’ என்பதை நான் எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன். வாங்கிப் பார்க்கையில்தான் அதில் தேதி இல்லாதது கண்ணில் படுகிறது.

மாவட்டத் தேர்தல் அதிகாரியும் ஜெயித்தார். நல்ல வித்தியாசத்தில்.

7

சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் மல்லிகாவுக்குப் போன் செய்கிற நேரம். அங்கே ஞாயிறு காலை. அவள் மஞ்சக்குட்டையிலிருந்து பஸ் ஏறி ஏற்காடு வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் சேலத்துக்காரர் ஒருவரின் எஸ்.டி.டி. பூத்தில் காத்திருப்பாள். பிரபாகர் எண்களை அழுத்திவிட்டு, ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு, மாடிக்குப் போய்விட்டான். நீங்களே சொல்லுங்கள் என்று அர்த்தம்.

“அப்பா, நல்லாருக்கீங்களா? நொம்பக் குளிருங்களா அங்க?”

“குளிர்தான் கண்ணு.”

“எஸ்டேட்டு கைமாறிருச்சுங்கப்பா. தை மாசத்தோட கணக்கு முடிச்சுக்கச் சொல்லிட்டாங்க. அவரு பரவால்லீங்கறாரு. எப்படியும் மூணு நாலு வருஷத்துல அங்க வரப்போறோமல்ல, அதுவரைக்கும் சமாளிச்சுக்கலாம்னு.” பிறகு, “புள்ளைய இங்கிலீசு மீடியத்துல மாத்தி உட்டுட்டோமுங்க” என்றாள்.

சொன்னேன். ஓரம், கையெழுத்து, தேர்தல், டெலிவிஷன் எதையும் சொல்லவில்லை. குடியுரிமை கிடைக்கவில்லை கண்ணு, இனி கிடைக்காது, தப்பு என்னுடையது என்று மூன்று வாக்கியம்.

மல்லிகா சிறு வயதிலிருந்தே கேள்வி கேட்காத பெண். கேட்டால் விதி எண் கிடைக்கும் என்று தெரியும். பின்னால் ஒரு பஸ் கிளம்பிப் போவது கேட்டது.

“சரிங்கப்பா” என்றாள். “அண்ணன் போட்ட மனு இருக்குதல்லீங்க?”

“இருக்குது கண்ணு.”

“அப்பச் சரிங்க. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க.”

அந்த வகையே அடுத்த வருஷம் இருக்குமா என்று தெரியாது. அதை அவளிடம் சொல்லவில்லை. என்னையே எவ்வளவு நாள் இங்கே வைத்திருப்பார்கள் என்பதையும் சொல்லவில்லை.

“அப்பா, ஒரு நிமிஷமுங்க. தலைச்சோலைச் சின்னப்பையன் இங்க நிக்கறாரு. சந்தைக்கு வந்தாராம், என்னப் பாத்துட்டு நின்னுட்டாரு. எப்பப் பாத்தாலும் உங்களைத்தான் கேப்பாரு. போன சித்திரையில ஓட்டுப் போடப் போயிட்டு, பேரு இல்லீன்னு மறுபடியும் திருப்பி அனுப்பிட்டாங்களாம். ஒவ்வொரு தடவையும் போயி நின்னுட்டு வர்றாருங்கப்பா. சாரு வந்தாச் சேத்துருவாருன்னு சொல்லிட்டே இருப்பாரு. ஒரு வார்த்தை பேசோணுமாம். குடுக்கட்டுங்களா?”

வேண்டாம் என்று சொல்வதற்குள் ரிசீவர் கைமாறிவிட்டது. தூரத்தில் இருப்பவர்களுக்குச் சத்தமாகப் பேச வேண்டும் என்று நினைப்பவர் குரல்.

“சாருங்களா?”

“ஆமாங்க.”

“அங்கயும் ஓட்டு நடந்துதாமா. ரேடியோவுல சொன்னாங்க. போட்டீங்களா?”

பொய் சொல்வதற்கு எனக்கு எல்லா வசதியும் இருந்தது. ஒன்பதாயிரம் மைல், மோசமான லைன்.

“எம்பேரு இல்லீங்க, சின்னப்பையன்” என்றேன். “எடுத்துட்டாங்க.”

அவர் பேசினார். முன்பு போலச் சத்தமாக இல்லை, பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவது மாதிரி.

“அடுத்த தடவை சேத்துருவாங்க, சாமி. கவலைப்படாதீங்க.”

நம்பித்தான் சொன்னார். நான் சொன்னபோது நம்பிச் சொல்லவில்லை.